ஒன்றுமே செய்யாத ஐந்து நிமிடம்

நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் ஒரு குரு இருந்தார். பெயர் தமயந்தி. வயது முப்பத்தாறு. அவரிடம் ஒரே ஒரு சீடன். பெயர் அர்த்தநாரி. வயது ஐம்பத்திரண்டு. குருவை அவர் என்பதும் சீடனை அவன் என்பதும் கதை வழக்கம். வயதைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அர்த்தநாரியே கோபித்துக்கொண்டதில்லை.

குருவின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன புரோகிராமை நம்பி அந்தப் பக்கத்தில் எத்தனையோ ஆலைகள் ஓடுகின்றன. ஒருநாள் பழைய கம்ப்யூட்டர் மூச்சை விட்டுவிடும். புதுசு வாங்கி வருவார்கள். புதுசோ பழைய புரோகிராமை முகம் கொடுத்துப் பார்க்காது. அப்போது முதலாளிமார்கள் பழைய பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு தமயந்தியின் படியேறுவார்கள்.

அர்த்தநாரி பெங்களூரில் இருபத்தெட்டு வருஷம் புரோகிராம் எழுதியவன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி அவனுக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டது. ஊருக்கு வந்து நாலு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் அந்தப் படியேறினான்.

“பழசைப் புதுசுல ஓட்டறதுக்கு என்னங்க தெரிஞ்சிருக்கணும், மேடம்?”

“மேடமெல்லாம் வேண்டாங்க அண்ணா. அம்மிணின்னு கூப்பிடுங்க.”

தமயந்தி தன் புதுக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டத்தைத் திறந்தார். அதற்குள் ஓர் எண்ணெய் ஆலையின் பழைய புரோகிராம் கண் விழித்தது.

விழித்ததும் அது ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. நினைவகம் கேட்டது, அந்தக் காலத்தில் இருந்த அளவே அளந்து கொடுக்கப்பட்டது. பச்சை எழுத்துத் திரை கேட்டது, கிடைத்தது. ஊசி அடித்து அச்சிடுகிற பழைய பிரிண்டர் இருக்கிறதா என்று கேட்டது. அறையில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளேயிருந்து எதுவோ ‘தயாராக இருக்கிறேன்’ என்று பதில் சொன்னது.

“எங்கீங்க பிரிண்டரு?”

“இல்லீங்க. இருக்குதுன்னு அதுகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணை உட்கார வச்சிருக்கறேன்.”

“இப்ப எந்த வருஷம்னு அது நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க?”

“தொண்ணூத்தாறு.”

அர்த்தநாரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரே ஒரு புரோகிராம் பயப்படாமல் வேலை செய்வதற்காக ஒரு முழு உலகத்தையே இவர் கட்டி வைத்திருக்கிறார்.

“வெளிய இப்படி ஒரு உலகம் இருக்கறது அதுக்குத் தெரியாதுங்களா அம்மிணி?”

“தெரியாதுங்க.”

கீழே பட்டறையில் ஆணி அறையும் சத்தம். அர்த்தநாரி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தான். இந்தப் பெண்ணிடம்தான் கற்றுக்கொள்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

ஏழு மாதம் கழிந்தது. ஒருநாள் ராக்கியப்பன் என்ற கோழித் தீவன ஆலைக்காரர் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். அவர் பண்ணையில் நாற்பதாயிரம் முட்டைக்கோழிகள். தினமும் எத்தனை மூட்டை மக்காச்சோளத்துக்கு எவ்வளவு சோயா, எவ்வளவு தவிடு, எவ்வளவு கிளிஞ்சல் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது இந்தப் பெட்டிதான். இருபத்தாறு வருஷமாகப் போடுகிறது. இப்போது பத்துத் தடவை தட்டினால் ஒரு தடவை எழுந்திருக்கிறது.

“புது மெசினு வாங்கிட்டனுங்க அம்மிணி. இது அதுல ஓடுச்சுன்னா சரி. ஓடலைன்னா புதுசா ஒரு புரோகிராமு வாங்கி, படிச்ச ஆளு ஒண்ணைப் போட்டுக்கறேன். பாவாயியை நிறுத்திருவேன்.”

பாவாயி என்பவர் அந்தப் பெட்டியை ஓட்டுகிற அம்மா. மூட்டை தைக்க வந்தவர். எழுத்து அவ்வளவாகத் தெரியாது. எந்தச் சாவிக்கு அடுத்து எந்தச் சாவி என்று விரலுக்குத் தெரியும். வயது ஐம்பத்தெட்டு. இந்த ஒரு புரோகிராமைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. அந்த ஆலையை விட்டால் போக்கிடமும் இல்லை.

தமயந்திக்கு அந்த வாரம் கரூரில் வேலை. “நீங்களே போய்ட்டு வாங்க அண்ணா. ஒண்ணே ஒண்ணு. வேகத்தை மட்டும் பழைய அளவுலயே விடுங்க. ஒரு மாசம் போகட்டும்” என்றார்.

அர்த்தநாரி புது மெஷினுக்குள் பழைய உலகத்தைக் கட்டினான். நன்றாகவே கட்டினான். பாவாயக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தெரிந்த பச்சை எழுத்துகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“உங்க வேலைக்கு நான் பொறுப்புங்க அக்கா” என்றான்.

அவர் எண்களை அடித்தார். திரையில் ஆங்கில எழுத்தில் ‘பொறு’ என்று வந்தது. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி மின்னி மின்னி அணைந்தது. பாவாயக்கா எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று அர்த்தநாரி நினைத்தான்.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. ராக்கியப்பன் பல்லைக் கடித்தார்.

“பார்த்தீங்களா? அது பொறுன்னுச்சுன்னா போதும், இந்தம்மா எந்திரிச்சுப் போயிரும். நாளைக்கு எட்டுத் தடவை இதே கூத்து. இதுக்கு நான் புது மெசினு வாங்கோணுமா?”

ஐந்தாவது நிமிடத்தில் பாவாயக்கா திரும்பி வந்தார். திரை ‘சரியா?’ என்று கேட்டது. ஆமாம் என்று ஒரு சாவியைத் தட்டினார். கலவைச் சீட்டு வெளியே வந்தது.

பாவாயக்காவுக்கு வந்த கெட்ட பெயரே இந்த ஐந்து நிமிடத்தால்தான் என்று அர்த்தநாரிக்குப் பட்டது. முந்தின நாளே அந்தப் புரோகிராமின் வயிற்றைப் பிரித்துப் பார்த்திருந்தான். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். குருவின் சொல் ஞாபகத்தில் இருந்தது. இருந்தும், இருபத்தெட்டு வருஷ அனுபவம் அவன் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வேகத்தைக் கூட்டும் சாவியில் வைத்தது.

அடுத்த தடவை ‘பொறு’ வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் ‘சரியா?’ என்றது.

“அப்படிப் போடுங்க!” என்றார் ராக்கியப்பன்.

பாவாயக்கா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். “பொறு வரலீங்களே தம்பி.”

“இனி அது வராதுங்க அக்கா. உட்காருங்க, தட்டுங்க.”

அவர் உட்கார்ந்தார். தட்டினார்.

மூன்று வாரம் கழித்து ராக்கியப்பன் போன் செய்தார். இரண்டு கொட்டகையில் கோழிகள் தீனி எடுக்கவில்லை. முட்டை பாதியாகிவிட்டது. தினமும் பத்து, பதினைந்து சாகின்றன. மக்காச்சோளம் ஈரத்தோடு உள்ளே போயிருக்கிறது, பூஞ்சை பிடித்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோளத்தைப் பார்த்து உள்ளே விடுவது பாவாயி வேலை.

“இருபத்தாறு வருசத்துல ஒரு தடவை தப்பினதில்லீங்க. இப்ப ஏன்னு கேட்டா, என் தப்புதான்னு மட்டும் சொல்லிட்டு நிக்குது. சனிக்கிழமையோட நின்னுக்கன்னு சொல்லிட்டேன். வேற ஆளு பார்க்கறதுன்னா உங்க புரோகிராமும் வேண்டாங்க.”

அர்த்தநாரி போனை வைத்துவிட்டுத் தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னான். வேகத்தைக் கூட்டியதையும் சொன்னான். சோளத்தின் ஈரத்துக்கும் கம்ப்யூட்டரின் வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் வேகத்தைக் கூட்டி மூன்று வாரம்தான் ஆகிறது, இருபத்தாறு வருஷத்தில் நடக்காதது இப்போது நடந்திருக்கிறது.

“உள்ள பார்த்துட்டுத்தானுங்க அம்மிணி கூட்டினேன். அந்த இடத்துல அது சும்மா எண்ணுது. ஒண்ணு ரெண்டுன்னு கோடிக்கணக்குல எண்ணுது. எண்ணினதை எங்கயும் வைக்கறதில்லை. எதுக்கும் எடுத்துக்கறதும் இல்லை. பழைய மெசினுக்கு அதை எண்ணி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.”

“அஞ்சு நிமிஷமும் அது ஒண்ணுமே செய்யறதில்லீங்களா?”

“ஒண்ணுமே இல்லீங்க.”

“எழுதினவரு எப்படிங்க? வேலை தெரிஞ்சவருங்களா?”

அர்த்தநாரி யோசித்தான். பொய் சொல்ல முடியவில்லை. “ரொம்பத் தெரிஞ்சவருங்க. வேற எங்கயும் ஒரு வரி வீணா இல்லை.”

“அப்பறம் ஏனுங்க அண்ணா பழைய வேகத்துலயே விடுங்கன்னேன்?”

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். இந்த ஐம்பத்திரண்டு வயதுக் குஞ்சுக்கு அன்றைக்கு நன்றாகவே வலித்தது.

“அந்த அஞ்சு நிமிஷம் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“எனக்கும் தெரியாதுங்க. இன்னைக்கே சனிக்கிழமை. வண்டியை எடுங்க.”

அவர்கள் போனபோது மணி காலை பத்து. ஆலை முற்றத்தில் பன்னிரண்டு மூட்டை மக்காச்சோளம் வரிசையாக நின்றது. கலவை ஆட்கள் இரண்டு பேர் சீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பாவாயக்கா கடைசி நாள் வேலைக்கு வந்திருந்தார். அழுத முகம், ஆனால் தலை வாரி, பூ வைத்து வந்திருந்தார். ராக்கியப்பன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

தமயந்தி வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எப்பவும் போலச் செய்யுங்க அக்கா. எங்களைப் பார்க்க வேண்டாம்.”

பாவாயக்கா எண்களை அடித்தார். பன்னிரண்டு மூட்டை. கோழிக்கு வயது நாற்பது வாரம். திரையில் ‘பொறு’ வந்தது. பக்கத்தில் புள்ளி மின்னத் தொடங்கியது.

அவர் எழுந்தார்.

யோசித்து எழுந்தது போல இல்லை. கோயில் மணி கேட்டால் கை தானாகக் கும்பிடுமே, அப்படி எழுந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய குத்தூசியை எடுத்தார். மூட்டையைக் குத்தி உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் பார்க்கிற இரும்புக் குழல் அது. முற்றத்துக்கு நடந்தார். தமயந்தி அவருக்கு இரண்டடி பின்னால் நடந்தார். அர்த்தநாரி வாசலிலேயே நின்றான்.

பாவாயக்கா முதல் மூட்டையில் குத்தினார். நாலு சோள மணி உள்ளங்கையில் விழுந்தது. ஒன்றை வாயில் போட்டுக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.

‘டக்’.

வாசல் வரைக்கும் கேட்டது. கடித்ததைத் துப்பிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார். டக். அடுத்தது. டக். ஆறாவது மூட்டையில் சத்தம் வரவில்லை. அவர் நின்றார். இன்னொரு மணியை எடுத்துக் கடித்தார். அப்போதும் சத்தம் இல்லை. மூட்டையின் காதில் ஒரு சணலை முடிந்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

அர்த்தநாரி திரும்பிப் பார்த்தால் உள்ளே திரையில் அந்தப் புள்ளி மின்னிக்கொண்டிருக்கிறது. முன்னால் பார்த்தால் அந்த அம்மா நடந்துகொண்டிருக்கிறார். இங்கே ஓர் எண்ணிக்கை. அங்கே ஓர் அடி. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு கால்கள். உள்ளே மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று சொன்னவன் இவன்.

பன்னிரண்டும் முடிந்து பாவாயக்கா வந்து உட்கார்ந்தார். திரை ‘சரியா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்ற சாவியைத் தட்டினார். பன்னிரண்டை அழித்துவிட்டுப் பதினொன்று என்று அடித்தார்.

ராக்கியப்பன் முற்றத்துக்கு இறங்கிப் போய், சணல் முடிந்த மூட்டையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தார். பல் மெத்தென்று உள்ளே இறங்கியது. அதைத் துப்பிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“இந்த மூணு வாரமா ஏன் பார்க்கலை பாவாயி?”

“அது பொறுன்னு சொன்னாத்தானுங்க மொதலாளி நான் போவேன். அது சொல்லலைங்க. புது மெசினு பெரிய மெசினாச்சே, ஈரத்தை அதுவே பார்த்துக்குது போல இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க. சீட்டும் ஒடனே வந்துருதுங்க. சீட்டு வந்தா இவங்க மூட்டையைத் தூக்கிருவாங்க.”

“இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“என்னன்னுங்க சொல்றது? எனக்கே இப்பத்தானுங்க தெரியுது.”

அர்த்தநாரி வாசலிலிருந்து இறங்கி வந்தான். ஐம்பத்திரண்டு வயதில் இப்படிச் சொல்வது சுலபமில்லை. சொன்னான்.

“தப்பு அக்கா மேல இல்லீங்க. அந்த அஞ்சு நிமிஷத்தை எடுத்தது நான். எடுக்க வேண்டாம்னு அம்மிணி சொல்லித்தான் அனுப்பினாங்க. நான்தானுங்க கேட்கலை.”

“செத்த கோழிக்கெல்லாம் பதில் சொல்லுவீங்களா?”

“சொல்றனுங்க.”

ராக்கியப்பன் அவனைப் பார்த்தார். பாவாயக்காவைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேகமா ஓடுதுன்னு கைதட்டினவன் நானுந்தானே” என்றார். பிறகு கலவை ஆட்களிடம் திரும்பி, “பதினோரு மூட்டைதான். பாவாயி சொன்னதைத் தூக்குங்க. திங்கக்கிழமையும் இந்தம்மா சொல்றதைத்தான் தூக்கோணும்” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனார்.

பாவாயக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

தமயந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “இதை எழுதினவரை உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா அக்கா?”

“இல்லாமயா? ஒல்லியா ஒரு தம்பிங்க. திருச்சிப் பக்கம்னு சொல்லும். மூணு நாளு கம்ப்யூட்டர் பக்கமே போகலை. என் பின்னாடியே நடந்துச்சுங்க. கையில கடிகாரத்தைக் கழட்டி வச்சுக்கிட்டு, நான் மூட்டைக்கு மூட்டை போறதையே பார்த்துக்கிட்டு. எனக்குச் சிரிப்பா வரும். என்ன தம்பி பார்க்கறேன்னு கேட்டா, சும்மாதானுங்க அக்கான்னு சொல்லும்.”

அர்த்தநாரி அந்தத் திரையைப் பார்த்தான். யாரென்று தெரியாத ஒருவன், ஒரு பெண்ணின் நடையை எடுத்துக் கோடி எண்களாக அதற்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பெயர் போடவில்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அவன் நாளைக்கு எட்டுத் தடவை அவர் பின்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறான். கோயிலில் நிற்பது போல இருந்தது அர்த்தநாரிக்கு. செருப்பைக் கழற்றியிருக்கலாமோ என்று தோன்றியது.

தமயந்தி சாவிகளைத் தட்டி வேகத்தைப் பதிந்து வைத்தார். இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். பாவாயக்கா எழுந்து போனார். வந்தார். தமயந்தி கிளம்பலாம் என்றார்.

அர்த்தநாரி வண்டிச் சாவியைக் கையில் எடுத்தவன் நின்றான். இந்தத் தடவை அவனும் கடிகாரத்தைப் பார்த்திருந்தான்.

“அம்மிணி, இப்ப ஆறரை நிமிஷம் வருதுங்களே. பழைய மெசினுல அஞ்சுதான். வேகத்தை அதிகமா இறக்கிட்டீங்க போல இருக்குது.”

தமயந்தி வாசலைப் பார்த்தார். பாவாயக்கா மேசையைப் பிடித்து எழுந்து, குத்தூசியை ஆணியில் மாட்டிவிட்டு, முட்டியை ஒரு தடவை நீவிக்கொண்டார்.

“அவரு எழுதறப்ப அக்காவுக்கு முப்பத்திரண்டு வயசுங்க அண்ணா.”